கிழிந்த கூத்தையும் ஆடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில், ஈசன் மதனை எரித்த கதையை மாசியில் ஆடுகிற காமன் கூத்தைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. தோட்டங்களில் கூத்துப் பாட்டுகள் பாதிக்கு மேல் தொலைந்துவிட்டன, மிஞ்சியதை ஒட்டுப்போட்டு ஆடுவது முன்னோருக்குச் செய்கிற அவமரியாதை, அச்சில் முழுதாகக் கிடைக்கும் ஒரு பிரதியை எடுத்து ஒழுங்காக ஆடுவதே மேல் என்று அதை எழுதியவர் சொல்கிறார். கூத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் வாசித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவில் இருப்பவள். 31 வருடம் தோட்டப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்தேன். என் அப்பா கூத்து வாத்தியார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பா மலையில் வேலை செய்தவர். கொப்பி வாங்கக் காசு இல்லாத காலம். கணக்கப்பிள்ளை கழித்துப் போட்ட பழைய செக்ரோல் தாள்களை, அதாவது வேலைநாள் கணக்குத் தாள்களை, கேட்டு வாங்கிவந்து, சாக்குத் தைக்கிற ஊசியால் நடுவில் தைத்து, எழுதாத பின்பக்கங்களில் பாட்டை எழுதிவைத்தார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற பென்சில் அப்போது உண்டு. அதுவும் கணக்கப்பிள்ளை கொடுத்ததுதான். பிறகு லயத்துக் கூரை ஒழுகியது, எலி கொறித்தது, பூஞ்சணம் பிடித்தது. என்னிடம் இப்போது இருப்பது 11 தாள். ஒன்றும் முழுத்தாள் இல்லை.

அதில் ஒரு தாளில் ரதியின் ஒப்பாரி இருக்கிறது. ஈசன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்தபிறகு அவள் அழுகிற இடம். வலப்பக்கம் பாதிக்கு மேல் இல்லை. அதனால் ஒவ்வோர் அடிக்கும் முதல் ஒன்றிரண்டு சொற்கள்தான் மிச்சம். தாளைத் திருப்பினால் 1959 ஆம் ஆண்டுக் கணக்கு. முழுநாள் வேலைக்குப் பேர் போட்ட கட்டங்கள், அரைநாளுக்கு அரைப்பேர் போட்ட கட்டங்கள். மேலிருந்து ஐந்தாவது பெயர் என் அம்மாவுடையது. ரதி அழுகிற இடத்துக்கு நேர் பின்னால், அம்மா அந்த மாதம் எத்தனை நாள் மலைக்குப் போனார் என்பது இருக்கிறது. ஈரத்தில் ஊதா ஊறி, வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று தெரிகிறது.

என் மகனுடைய மகள் பேராதனையில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னர் விடுமுறைக்கு வந்தவள் இந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அப்பாயி, இதே மாதிரி ஒண்ணு எங்க பாடத்துல இருக்கு" என்று சொல்லி, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் பிய்ந்த ஒரு பப்பைரஸ் சுருள், அதாவது நாணலில் செய்த பழங்காலத் தாள். முன்பக்கம் யாரோ எழுதிய வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்குக்கு வேலை முடிந்து சுமார் நூறு வருடம் கழித்து, வெறுமையாய்க் கிடந்த பின்பக்கத்தில் வேறொருவர் ஒரு நாடகத்தை எழுதிவைத்திருக்கிறார். நாடகம் யூரிப்பிடிஸ் எழுதிய ஹிப்சிபிலி. அந்த ஒரு படத்தைப் பார்த்ததிலிருந்து நான் இதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். பேத்தி புத்தகங்களிலிருந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள், எனக்கு விளங்காததை இரவில் கூப்பிட்டுச் சொல்லித்தருவாள்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸில், சுமார் 2,400 வருடத்துக்கு முன்னர், யூரிப்பிடிஸ் சுமார் 90 நாடகம் எழுதியவர். கையில் இருப்பது 18 அல்லது 19. அதே ஊர் சோபோக்கிளிஸ் 120 வரை எழுதினார், முழுதாக மிஞ்சியது 7. இந்தப் பெரியவர்களுக்கே இந்தக் கதி. மற்ற நாடகங்களின் பெயர்களும், யாராவது எங்காவது மேற்கோள் காட்டிய அடிகளும்தான் பல நூற்றாண்டுகள் உலகத்திடம் இருந்தன. நமக்கும் இது புதிதில்லை. குண்டலகேசியில் 19 பாட்டு கிடைத்ததும் புறத்திரட்டு என்ற தொகுப்பில் யாரோ எடுத்து வைத்ததால்தான். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று நாடகத் தமிழ் நூல்கள் இருந்தன என்பதைச் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் வாசிக்கிறோம். நூல் எதுவும் கையில் இல்லை.

1896 இல் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு இளைஞர்கள் ஒக்ஸ்போர்டிலிருந்து எகிப்துக்குப் போனார்கள். கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீற்றரில் ஒக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊர். அவர்கள் தோண்டியது கோயிலையோ கல்லறையையோ அல்ல, அந்த ஊர் நூற்றுக்கணக்கான வருடம் குப்பை கொட்டிய மேட்டை. அங்கே மழை கிடையாது என்றே சொல்லலாம். நைல் வெள்ளமும் அந்த மேட்டைத் தொடாது. அதனால் ரசீது, கடிதம், வரிக்கணக்கு, கடன் பத்திரம் எல்லாம் மக்காமல் மண்ணுக்குள் இருந்தன. சுமார் 5 இலட்சம் துண்டுகள். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நாடகங்கள். பேத்தி காட்டிய ஹிப்சிபிலியும் அங்கே கிடைத்ததுதான். இன்றைக்கும் ஒக்ஸ்போர்டில் அவற்றை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 80 தொகுதிக்கு மேல் அச்சாகியும் இன்னும் தீரவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் மழைதான் ஞாபகம் வந்தது. மஸ்கெலியாவில் ஒரு கிழமை வெயிலைக் கண்டால் பெரிய விசயம். காய்ந்த ஊரின் குப்பை 2,000 வருடம் இருக்கிறது. நனைந்த ஊரில் அப்பாவின் பெட்டியில் பூட்டிவைத்தது 60 வருடம் தாங்கவில்லை. நம் ஆட்கள் எதையும் எழுதிவைக்கவில்லை என்று படித்தவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுதினார்கள். மழையும் கறையானும் விடவில்லை.

சரி, ஹிப்சிபிலி கதைக்கு வருகிறேன். அவள் லெம்னோஸ் தீவில் அரசியாக இருந்தவள். நாடு இழந்து, கடல் கடந்து, நெமியாவில் அடிமையாக இன்னொருத்தியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய இரட்டை ஆண்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கிலுகிலுப்பையை ஆட்டி அந்தக் குழந்தைக்குப் பாடுகிறாள். இது என் ஊரில் தறியருகே பாடுகிற பாட்டில்லை, பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு என்கிறாள். அந்தப் பாட்டு பப்பைரஸில் தப்பியிருக்கிறது. அந்த வழியாக ஒரு படை போகிறது. சடங்குக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், ஊற்று எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். காட்டப் போகிறாள். அந்த நேரத்தில் குழந்தையைப் பாம்பு கொன்றுவிடுகிறது. தாய் இவளைக் கொல்லச் சொல்கிறாள். தண்ணீர் கேட்ட சோதிடனே வந்து நடந்ததைச் சொல்லித் தடுக்கிறான். கடைசியில், தன் பிள்ளைகள் அதே வீட்டுக்கு வழிப்போக்கராய் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். பாம்பு என்ற சொல்லை நான் சொல்வதற்கு முன்பே ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

இந்த நாடகம் முழுதாக இல்லை. 1908 இல் அச்சிட்டபோது துண்டு துண்டாகத்தான் அச்சிட்டார்கள். தாயும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிற காட்சி இருந்த இடமே போய்விட்டது. கண்டுகொண்ட பிறகு அவர்கள் பேசுவது இருக்கிறது. அதை வாசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அந்த வாசகருக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் நாடகத்தைத் தூக்கி எறியவும் இல்லை, முழுசாய் இருக்கிற இன்னொன்று போதும் என்று விட்டுவிடவும் இல்லை. இருக்கிற எழுத்தை இருக்கிறபடி எழுதினார்கள். போன இடத்தைப் போன இடம் என்று காட்டினார்கள். தாங்கள் ஊகித்து நிரப்பிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டார்கள். பாதி அழிந்து சந்தேகமாய்த் தெரிகிற எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தார்கள். வாசிக்கிற எவருக்கும் எது யூரிப்பிடிஸ், எது ஆசிரியர் என்று ஒரே பார்வையில் தெரியும். நாளைக்கு வேறொரு துண்டு கிடைத்தால் அடைப்புக்குள் இருப்பதை அடித்துவிட்டு மாற்றலாம்.

உ.வே.சாமிநாதையரும் இதைத்தானே செய்தார்? புறநானூற்றில் 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் இல்லை. எண் இருக்கிறது, பாட்டு இல்லை. சிதைந்த பாட்டுகளில் சொல் போன இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. ஐயருக்கு அந்த இரண்டு பாட்டைக் கட்டத் தமிழ் போதாமலா போனது? இடத்தை விட்டுவைத்தார். அதற்காகப் புறநானூற்றை யாரும் படிக்காமல் விட்டோமா?

எங்கள் பாட்டு தொலைந்ததற்கு மழை மட்டும் காரணம் இல்லை. கூத்தில் ஒருவருக்கும் முழுப்பாட்டும் தெரியாது. மதன் வேடம் கட்டுகிறவருக்கு மதன் பாட்டு, ரதி கட்டுகிறவருக்கு ரதி பாட்டு. வாத்தியாருக்குத்தான் எல்லாம் தெரியும். எகிப்திலும் இப்படித்தான் போலிருக்கிறது. யூரிப்பிடிஸின் அல்செஸ்டிஸ் நாடகத்தில் கணவன் அட்மீட்டஸின் பேச்சை மட்டும் எழுதிவைத்த ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. மனைவி பேசுவது அதில் இல்லை. யாரோ ஒரு நடிகர் தன் பங்கை மட்டும் பாடம் பண்ண எழுதிக்கொண்டது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு எங்கள் ரதிதான் கண்ணுக்குள் வருகிறார். அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பெரிய மீசையை மாசி மாதம் மட்டும் மழிப்பார். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில், தோட்டத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் அவரும் ஒருவர். 1974 இல் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி, அதாவது ரயில், ஏறினார். ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். தலைமன்னார் போய், கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் எங்கோ ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனதாகக் கேள்வி. அவரோடு ரதியின் பாட்டும் போய்விட்டது. அடுத்த மாசிக்கு அப்பா இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் இரண்டு வருடத்தில் போனார். அதற்குப் பிறகுதான் அப்பா செக்ரோல் தாளில் விட்டுப்போனதையெல்லாம் எழுதிச் சேர்க்கத் தொடங்கினார்.

தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன. இரண்டாவது கட்டை, ஆராய்ச்சிக்கு என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் 1983 தைமாதம் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் தருகிறேன் என்றார். அப்பா 1987 இல் சாகும்வரை தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி இப்படித்தான் ஏதென்ஸிடம் எஸ்கிலஸ், சோபோக்கிளிஸ், யூரிப்பிடிஸ் என்ற மூன்று நாடகாசிரியர்களின் அரசாங்கப் பிரதிகளை இரவல் வாங்கினானாம். 15 தாலந்து வெள்ளியை ஈடாக வைத்து வாங்கி, மூலத்தை வைத்துக்கொண்டு, நல்ல தாளில் எழுதிய நகல்களைத் திருப்பி அனுப்பினான். கேலன் என்ற வைத்தியர் எழுதிவைத்த கதை. எங்கள் வீட்டுக்கு நகலும் வரவில்லை. அந்த மனிதர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்தத் தாள்கள் எந்த அலுமாரியில் இருந்தாலும், அங்கே இருப்பவர்கள் இதை வாசித்தால், போனில் படம் எடுத்தாவது அனுப்புங்கள்.

சென்ற மாசியில் நாங்கள் இந்த 11 தாளை வைத்து ஆடினோம். காமன் ஊன்றி, தகனம் வரைக்கும் முறைப்படி நடந்தது. ஆடியவர்கள் பெரும்பாலும் இருபதும் இருபத்தைந்தும் வயதுப் பிள்ளைகள். பாட்டு இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று ஒரு மாதம் பேசினோம். நான் தமிழ் படித்தவள் என்பதால் விட்ட அடியெல்லாம் நானே கட்டினேன். அப்புறம் அந்தச் சதுர அடைப்பு மனதில் வந்து நின்றது. பாட்டில் எப்படி அடைப்புப் போடுவது? தப்படிக்கிற பையன்தான் வழி சொன்னான். வாத்தியார் எழுதின அடிக்குத் தப்பு அடிப்போம். நாம கட்டின அடிக்குத் தப்பை நிறுத்திருவோம், உடுக்கு மட்டும் அடிப்போம் என்றான். கூத்துத் தொடங்கும்போது கோமாளி இதைச் சபையில் சொன்னான். "தப்புச் சத்தம் கேட்டா அது பழசு. உடுக்குச் சத்தம் கேட்டா அது எங்க சரக்கு, தெரிஞ்சவங்க திருத்துங்க" என்றான்.

தப்பை எங்கே நிறுத்துவது என்று அப்பாவே சில இடத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறார். சொல்லாக எழுத இடம் இல்லாத இடத்தில் ஒரு 'த', அதன் மேல் ஒரு கோடு. இதை நான் சின்ன விசயம் என்று நினைத்திருந்தேன். ஒக்ஸிரிங்கஸில் கிடைத்த ஒரு கேலி நாடகத்தின் பிரதியைப் பற்றிப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பிரதியிலும் மேளம் எங்கே அடிக்க வேண்டும் என்று வரிகளுக்கு நடுவே குறியிட்டிருக்கிறார்கள். அந்த நாடகம் நடக்கிற இடம் எது தெரியுமா? இந்தியக் கடற்கரை. கரீத்தியோன் என்ற கிரேக்கப் பெண் அங்கே ஓர் அரசனிடம் அகப்பட்டிருக்கிறாள். அவளுடைய அண்ணனும் கூட்டாளிகளும் அரசனுக்கு மதுவை ஊற்றி மயக்கிவிட்டு அவளைக் கப்பலில் மீட்டுக்கொண்டு போகிறார்கள். அந்த அரசனும் ஆட்களும் பேசுவதாக எழுதியிருக்கும் மொழி கன்னடம் என்று சிலர், துளு என்று சிலர், வெறும் கேலிச் சத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். 1903 இல் அச்சானது, வாதம் இன்னும் முடியவில்லை. யவனர் மிளகு வாங்க முசிறிக்கு வந்ததைச் சங்கப் பாட்டில் படிப்பித்தவள் நான். அவர்கள் ஊர்க் குப்பை மேட்டில் நம் பக்கத்துக் கடற்கரை ஒன்று மேளத்தோடு கிடந்தது என்று எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கூத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணி இருக்கும். நல்ல பனி. மதன் எரிந்து, ரதி வந்தாள். கிழிந்த அந்தத் தாள். முதல் இரண்டு அடியும் பாதி தப்பு, பாதி உடுக்கு என்று போனது. மூன்றாவது அடியில் தாளில் இருப்பது 'சாம்பலிலே' என்ற ஒரு சொல். அதற்கடுத்துக் கிழிசலின் ஓரத்தில் ஊதாவில் சின்னதாய் ஒரு வளைவு. அதை 'உ' வின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, "சாம்பலிலே உன்முகத்தைத் தேடித்தேடி வாடுகிறேன்" என்று நான் கட்டியிருந்தேன். தப்பு நின்றது. உடுக்கில் பையன் அதைப் பாடினான். முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, கீழ் டிவிசனில் இருப்பவர், எண்பது தாண்டியவர், சத்தமாகச் சொன்னார்: "அது அப்படி இல்ல. வாத்தியார் அப்படிப் பாட மாட்டாரு." பிறகு கம்பளியை விலக்கிக்கொண்டு தானே பாடினார்:

சாம்பலிலே கையவச்சேன் சூடின்னும் ஆறலையே

ஒரே அடிதான். அடுத்தது அவருக்கு வரவில்லை. வாயசைத்துப் பார்த்தார், வரவில்லை. மறுபடி அதே அடியைப் பாடினார். இரண்டாம் முறை பாடும்போது தப்புக்காரப் பையன், யாரும் சொல்லாமலே, அடியைப் பிடித்துக்கொண்டான்.

காலையில் வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடியை வைத்து அந்த வளைவைப் பார்த்தேன். அது 'உ' இல்லை. 'கை' என்று எழுத முதலில் போடுகிற இணைக்கொம்பின் முதல் சுழி. இருபது வருடம் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன். புத்தகத் தமிழில் யோசித்ததால் எனக்கு அது தெரியவில்லை. அடுப்புச் சாம்பலில் கையை வைத்து நெருப்பு இருக்கிறதா என்று தினமும் விடியற்காலை பார்த்த பெண்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

நான் கட்டிய அடியைத் தப்போடு பாடியிருந்தால் அந்தப் பாட்டி வாயைத் திறந்திருக்க மாட்டார். டீச்சர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று இருந்திருப்பார். அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து வைத்து ஆடியிருந்தாலும் அப்படித்தான். அதில் எல்லா அடியும் ஒரே கெட்டியாக இருக்கும், எவரும் கை வைக்க முடியாது. அச்சில் உள்ளவை நல்ல பாட்டுகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த அச்சுப் பிரதியில் ரதி பெரட்டைப் பற்றி, விடியற்காலை தப்படித்து வேலைக்கு ஆள் கூட்டுவதைப் பற்றிப் பாடுகிறாள்? அப்பாவின் நான்காவது தாளில் முழுதாகத் தப்பிய ஓர் அடி இருக்கிறது. எரிந்துபோன மதனைப் பார்த்து அவள் கேட்கிறாள்:

பெரட்டுத் தப்பு கேக்கலையோ பேசாமப் படுத்திருக்கே

இது இந்த மலையில் கட்டிய பாட்டு. விடியமுன் தப்புச் சத்தத்துக்கு எழும்பி ஓடியவர்கள் கட்டியது. இதை விட்டுவிட்டு எதை எடுத்து ஆடச் சொல்கிறார் அந்த வாசகர்?

துண்டு சின்னதாய் இருந்தால் அதில் என்ன இருக்கப்போகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். எஸ்கிலஸின் சரணடைந்த பெண்கள் நாடகத்தில் பாடற்குழுவுக்குத்தான் பெரிய பங்கு. அதனால் அதுதான் மிஞ்சியவற்றிலேயே மிகப் பழைய நாடகம் என்று பெரிய பெரிய அறிஞர்கள் பலரும் நம்பியிருந்தார்கள். 1952 இல் ஒக்ஸிரிங்கஸ் துண்டு ஒன்று அச்சில் வந்தது. அதில் இருந்தது சில வரிகள். அந்த நாடகம் ஆடிய போட்டியில் எஸ்கிலஸுக்கு முதலிடம், சோபோக்கிளிஸுக்கு இரண்டாமிடம் என்ற செய்தி. சோபோக்கிளிஸ் அவருக்கு ஒரு தலைமுறை இளையவர். அப்படியானால் நாடகம் அவ்வளவு பழையதாய் இருக்க முடியாது. கிரேக்க நாடகம் எப்படி வளர்ந்தது என்று அதுவரை எழுதியதையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு சின்னத் துண்டு. இப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2022 இல் எகிப்தில் பிலடெல்பியா என்ற பழைய ஊரின் இடுகாட்டில் ஒரு பப்பைரஸ் கிடைத்தது. யூரிப்பிடிஸின் தொலைந்த நாடகங்கள் இரண்டிலிருந்து, இனோ, பொலியீடஸ் என்று பெயர், 98 வரிகள். பெரும்பகுதி அதுவரை யாரும் கண்டிராதவை. 2024 இல் அச்சிட்டார்கள். கிட்டத்தட்ட 2,400 வருடம் கழித்து!

துண்டை வைத்துப் புதிதாய் ஆடுவதும் அவர்களிடம் உண்டு. சோபோக்கிளிஸின் தடம் தேடுவோர் என்ற நாடகத்தில் சுமார் 400 வரிதான் கிடைத்தது, மீதி இல்லை. டோனி ஹாரிசன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1988 இல் அதை எடுத்து, அந்தத் துண்டைத் தோண்டி எடுத்த கிரென்ஃபெல்லையும் ஹண்ட்டையுமே பாத்திரங்களாக்கி, கிரேக்கத்தில் தெல்பியின் பழைய ஓட்டத்திடலில் ஆடவைத்தார். தேடுகிற கதையையே கதையாக்கிவிட்டார். சோபோக்கிளிஸுக்கு அதில் அவமரியாதை நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பிள்ளைகள் வருகிற மாசியில், காமன் தகனம் முடிந்த அடுத்த ஞாயிறு, ஹிப்சிபிலியைத் தமிழில் ஆட ஆசைப்படுகிறார்கள். பேத்தி வசனம் எழுதுகிறாள். நெமியா நெமியாவாகவே இருக்கும், லெம்னோஸ் லெம்னோஸாகவே இருக்கும். ஆனால் தாலாட்டு நம்முடைய தாலாட்டு மெட்டில் வரும். அந்தக் கிரேக்கக் கதை எதற்குக் காமன் பொட்டலில் என்று கோயில் கமிட்டியில் பெரியவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கதையைச் சொன்னேன். ஒருவருடைய தம்பி 1972 இல் கோச்சி ஏறியவர். ஆடட்டும் என்றார். மற்றவர் இன்னும் சம்மதிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

தாயும் பிள்ளைகளும் கண்டுகொள்கிற அந்தத் தொலைந்த காட்சிக்கு பேத்தி நான்கு விதமாக எழுதிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, அவளுக்கும் பிடிக்கவில்லை. இப்போதைக்கு அங்கே வசனம் இல்லை. தப்பு நிற்கும். மூன்று பேரும் எதிரெதிரே நிற்பார்கள். உடுக்கு மெதுவாக ஒலிக்கும், அவ்வளவுதான். தலைமன்னாரில் பிரிந்து நாற்பது வருடம் கழித்து யாரையாவது சந்தித்தவர்கள் சபையில் இருப்பார்கள். அவர்கள் பார்த்துச் சொல்லட்டும், அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, வாசகர் வீடுகளில் கிடக்கும் கூத்துப் பாட்டுத் துண்டுகளைக் கிடைத்தபடியே அச்சிடுங்கள். திருத்தாதீர்கள், நிரப்பாதீர்கள். எந்தத் தோட்டம், யார் பாடியது, யார் சொல்லக் கேட்டு எழுதியது என்று மட்டும் போடுங்கள். ஒரே பாட்டு இரண்டு தோட்டத்தில் இரண்டு விதமாய் வந்தால் இரண்டையும் போடுங்கள். கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் உறவு இருப்பவர்கள் போனில் கேட்டு எழுதுங்கள். அங்கே பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலாவதாக என்னுடையதைத் தருகிறேன். ரதி ஒப்பாரி, அந்த ஒரு தாள். புள்ளி வைத்த இடம் கிழிந்தது. சதுர அடைப்புக்குள் இருப்பது கீழ் டிவிசன் பாட்டி பாடியது.

மல்லியப்பூ வாங்கிவந்து . . . . . .
மாரியம்மன் வாசலிலே . . . . . .
சாம்பலிலே [கையவச்சேன் சூடின்னும் ஆறலையே]
சாமிக்குக் கண் . . . . . .
ஆத்துத் தண்ணி . . . . . .
ஆரிட்ட . . . . . .

கடைசி அடியில் 'ஆரிட்ட' என்பதற்குப் பிறகு ஒரு 'ச' வோ 'சொ' வோ இருந்திருக்க வேண்டும். ஒரு கொம்பு தெரிவதுபோல் இருக்கிறது, நிச்சயமில்லை. ஓரத்தில் கோடு போட்ட 'த' இருக்கிறது. ஆகவே அந்த அடியில் தப்பு நிற்கும். இந்த அடிகளில் எதையாவது, எந்தத் தோட்டத்திலாவது, யாராவது பாடக் கேட்டிருந்தால் தயவுசெய்து பத்திரிகைக்கு எழுதுங்கள். மெட்டு மட்டும் தெரிந்தாலும் போதும். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மஸ்கெலியா.